வட்டச்சாலையில் நாற்பது நிமிடம்

பின்னிருக்கைகளை மடித்துப் போட்டபின் அந்தக் காரின் உட்புறம், ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து பின்கதவின் விளிம்புவரை, ஆறடி இரண்டங்குலம் இருந்தது. பழைய கார்கள் விற்கும் திடலில் மண்டியிட்டு, எஃகு நாடாவால் அவர் மும்முறை அளந்தார். பெயர்பெற்ற நிறுவனத்தின் விலையுயர்ந்த, பின்புறம் நீண்ட எஸ்டேட் கார் அது. டீசலில் ஓடுவது. பதினோராண்டுகள் பிறர் கையில் உழைத்தது. முதல் உரிமையாளர் அதில் தம் இரு நாய்களை ஏற்றிச் செல்வாராம். விரிப்பில் இன்னமும் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

"எல்லாரும் பானட்டைத் தூக்கிப் பாப்பாங்க. நீங்க என்ன சார், பின்னாடியே குடியிருக்கீங்க?" என்றான் விற்பவன்.

"என் பொண்டாட்டி இதுல நேரா படுக்கணும்."

விற்பவன் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தான். அவர் சிரிக்காததைக் கண்டபின் சிரிப்பை மெல்ல மடித்து வைத்துக்கொண்டான்.

அவருடைய தொழில் தராசுகளைச் சோதிப்பது. கடை கடையாக, ஆலை ஆலையாகப் போய், பட்டுத்துணி விரித்த பெட்டியிலிருந்து பித்தளைப் படிக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்து, காட்டும் எடை மெய்யா பொய்யா என்று பார்ப்பார். மெய்யென்றால் முத்திரை, பொய்யென்றால் சிவப்புச் சீட்டு. இரண்டுக்கும் இடையில் ஓர் இடம் உண்டென்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தெருவில் அவரைத் தராசுக்காரர் என்றே அழைத்தார்கள். கடைக்காரர் ஒருவர் அவரிடம், "அண்ணே, நீங்க சாமி கும்பிடும்போதுகூட அரை கிராம் கூடக் குறைய வேண்ட மாட்டீங்க போல" என்று சொன்னதுண்டு. அதைப் பாராட்டாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அறிவிப்பாளராக இருந்தவள். கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்ன குரல் அவளுடையது. சென்ற ஆண்டு முதுகெலும்பில் நோய் கண்டது. எலும்பின் இரண்டு கணுக்களை அது அரித்துவிட்டது. உட்காருவது என்பது அவளுக்கு நினைத்துப் பார்க்கவும் இயலாத ஒன்றாயிற்று. மருத்துவர் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு எழுதிக்கொடுத்தார். திங்கள் முதல் வெள்ளிவரை, இடைவெளியின்றி. "இடையில ரெண்டு மூணு நாள் விட்டுப்போச்சுன்னா, இதுவரைக்கும் கொடுத்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்" என்றார்.

மருத்துவமனை மூன்று கிலோமீட்டர் தொலைவு. கதிர்வீச்சு தொடங்குமுன் முதுகில் இடம் குறிப்பதற்காக, மருத்துவமனையின் வண்டியில் அவளை ஒருநாள் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அதன் இரும்புப் பட்டைகள் சாலையின் ஒவ்வொரு கல்லையும் எண்ணி எண்ணி அவள் முதுகில் எழுதின. வீடு திரும்பியதும் அவள் சொன்னது ஒன்றே: "அடுத்த தடவை என்னை நடத்திக் கூட்டிட்டுப் போங்க. செத்தாலும் பரவாயில்லை."

அன்று மாலையே அவர் காரைத் தேடத் தொடங்கினார். அந்த எஸ்டேட் காரின் பின்சக்கரங்களுக்கு மேலே இரும்புச் சுருள்கள் இல்லை. காற்றடைத்த பைகள் இருந்தன. குழியில் இறங்கினால், நீரில் மிதக்கும் மலர்போல அது தாழ்ந்து எழுந்தது. அடியார் தோளில் எழுந்தருளும் பல்லக்கும் இத்துணை மென்மையாக அசையாது என்று அவருக்குத் தோன்றியது. தம் மனைவிக்கென்றே இறைவன் பதினோராண்டுக்கு முன் அதைச் செய்வித்து, நாய்களிடம் காவல் வைத்திருந்தான் என்று உள்ளூர நம்பினார்.

நம்பிக்கை இருந்தபோதும் அதனோடு வாழ்வது எளிதாக இல்லை. ஒரு காற்றுப்பையில் எங்கோ ஊசித்துளை. காலையில் போய்ப் பார்த்தால், முதுகு ஒடிந்த பசுப்போல வண்டி பின்புறம் தரையில் அமர்ந்திருக்கும். எஞ்சினை இயக்கியதும் அடியில் ஒரு சிறு பொறி முனகி முனகிக் காற்றை நிரப்ப, இரண்டு நிமிடத்தில் எழுந்து நிற்கும். முகப்புத் திரையில் வரும் செய்திகள் முதல் உரிமையாளரின் மொழியிலேயே நிலைத்துவிட்டன. மாற்றப் போன மூவர் தோற்றுத் திரும்பினார்கள். அது எதைச் சொல்கிறது, எச்சரிக்கிறதா, வாழ்த்துகிறதா என்று தெரியாமலே அவர் ஓட்டினார்.

மனைவியின் தம்பி அடுத்த தெருவில் இருந்தான். அக்காவைப் படுக்கைப் பலகையோடு தூக்கி ஏற்ற நாள்தோறும் வருவான். "என்ன மாமா, தேர் எந்திரிச்சிருச்சா, இல்ல இன்னும் உக்காந்து யோசிக்குதா?" என்பான்.

"எந்திரிச்சிருச்சு. நீ வாயை மூடிட்டுக் கால் பக்கம் பிடி."

"பாத்துடா தம்பி," என்பாள் அவள் பலகையில் படுத்தபடி, "போன ஜென்மத்துல நான் நாயாப் பொறந்து இதே வண்டியிலதான் போயிருப்பேன். வாசனை பழகின மாதிரியே இருக்கு."

தாம் நீட்டித் தைத்த இருக்கைப் பட்டைகளால் அவர் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் அவளைப் பிணைத்துவைப்பார். பின்பு வண்டி புறப்படும். ஓட்டுபவருக்கு அவள் முகம் தெரியாது. அவளுக்குக் கூரைக் கண்ணாடியின் வழியே வானம் மட்டுமே தெரியும். எனவே அவள் பேசுவாள். நிலையத்துக் குரலைப் பின்னிருந்து எடுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஓட்டுநர் தூங்குகிறார். வலதுபக்கச் சக்கரம் குழியில் இறங்கியதை அவர் தவிர, ஊரே அறியும்" என்பாள். அவர் வேகத்தைத் தணிப்பார். "நன்றி" என்பாள். வலி மிகும்போது நகைச்சுவை போய்விடும். "நிறுத்துங்க" என்ற ஒரு சொல்தான் வரும். அச்சொல் கேட்ட இடத்தில், நாற்சந்தியாக இருந்தாலும், அவர் நிறுத்தினார். பின்னால் எத்தனை பேர் ஒலியெழுப்பினாலும், வலி அடங்கி அவள் "போகலாம்" என்று சொல்லும்வரை அசையமாட்டார். பன்னிரண்டு நாள்கள் இவ்வாறு சென்றன. அந்தக் குரலையே கோலாகப் பற்றி அவர் ஓட்டினார்.

பன்னிரண்டாம் நாள், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. மிதித்தாலும் வேகம் எழவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குக் கொண்டுபோனார்.

மெக்கானிக் மடிக்கணினியைக் கம்பியால் வண்டியோடு இணைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, இத எங்க ஓட்டுறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. மூணு கிலோமீட்டர்."

"அப்புறம்?"

"திரும்பி வீட்டுக்கு. அதுவும் மூணு."

"அதான் வியாதி. இது நெடுந்தூரம் ஓடறதுக்குப் பொறந்த வண்டி. புகை போற குழாயில ஒரு வடிகட்டி இருக்கு. கரியெல்லாம் அதுல தங்கும். நல்லா சூடேறி ஓடினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு வெளிய போகும். நீங்க சூடேறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. தொண்டை வரைக்கும் அடைச்சு நிக்குது."

"மாத்த முடியாதா?"

"பாகம் வெளியிலேர்ந்து வரணும். மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நின்னுடும்."

மூன்று வாரம். எஞ்சியிருந்தவை பதின்மூன்று நாள்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வேற வழி?"

"இருக்கு. வேகமாப் போற ரோட்டுல ஏத்தி, தொண்ணூறுல வெச்சு, ஒரே சீரா ஓட்டுங்க. தானா எரிச்சுக்கும். ஒரு முப்பது, நாப்பது நிமிஷம்."

"முப்பதா, நாப்பதா?"

மெக்கானிக் அவரைப் பார்த்தான். கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்தான். "சரிண்ணே, நாப்பதுன்னே வெச்சுக்கோங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினார். தொண்ணூறு. நாற்பது. "நடுவுல நிறுத்தினா?"

"நிறுத்தாதீங்க. பாதி எரிஞ்சு நின்னா இன்னும் அடைச்சுக்கும். அப்புறம் வண்டி உங்க கையில இல்ல."

"முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? விளக்கு அணையுமா?"

"இந்த மாடல்ல எஞ்சினை நிறுத்திட்டு மறுபடி போட்டாத்தான் அணையும். திரையில எழுத்து வரும். அதான் உங்களுக்குப் படிக்கத் தெரியாதே. கடிகாரத்தைப் பாத்துக்கோங்க."

நிறுத்தாதீர்கள் என்பதையும் அவர் எழுதி, அதன்கீழ் ஒரு கோடிட்டார்.

மறுநாள் வெள்ளி. வண்டி தவழ்ந்து தவழ்ந்து பதின்மூன்றாம் முறையும் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. சனிக்கிழமை காலை தனியே போய்வருவதாக மனைவியிடம் சொன்னார். நகரைச் சுற்றி வட்டச்சாலை ஒன்று இருந்தது. முழுச்சுற்றும் அறுபது கிலோமீட்டர். தொண்ணூறில் ஓடினால் மிகச் சரியாக நாற்பது நிமிடம். அந்தப் பொருத்தத்தில் இறைவனின் கைச்சாத்தைக் கண்டார் அவர்.

"அப்ப வண்டிக்கு உல்லாசப் பயணம்," என்றாள் அவள். "எனக்கு மட்டும் இந்தச் சுவரு."

"உன் தம்பி வந்து உன் பக்கத்துல இருப்பான்."

"அவன் மூஞ்சிய நாப்பது வருஷமாப் பாக்குறேன். ஏங்க, ஒரு வருஷமா நான் ஆஸ்பத்திரி கூரையும் நம்ம வீட்டுக் கூரையும், நடுவுல துளி வானமுந்தான் பாத்திருக்கேன். மரமெல்லாம் தலைகீழா ஓடுமில்ல? நானும் வர்றேன்."

"நாப்பது நிமிஷம் நிறுத்த முடியாது. உனக்குத் தாங்குமா?"

"மூணு கிலோமீட்டர் குழியே தாங்குது. நல்ல ரோடு தாங்காதா?"

ஓராண்டில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அவரால் மறுக்க இயலவில்லை.

வட்டச்சாலையில் ஏறியதும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி பத்து நிமிடம். முள் தொண்ணூறில் நின்றது. அது அங்கேயே நிற்பதைக் காண அவர் நெஞ்சு குளிர்ந்தது. வண்டி தன் இயல்பைக் கண்டுகொண்டதுபோல முனகலின்றி ஓடியது. இதற்குத்தான் பிறந்தேன் என்று அது சொல்வதாகவே இருந்தது. கூரைக் கண்ணாடியில் மேகங்கள் பின்வாங்கின.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றது பின்னிருந்து குரல். "இடதுபக்கம் ஒரு மரம். வலதுபக்கம் ஒரு மரம். இப்ப ஒரு பறவை. அது நம்மளவிட மெதுவாப் போகுது, பாவம். ஐயோ, எவ்வளவு வானங்க!"

அவர் சிரித்தார். பழக்கமாக ஓதும் பதிகத்தை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். இருபதாம் நிமிடத்தில் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தாள் அவள். அதற்குச் சற்றுப் பின், திரையில் பச்சையாக ஒரு வரி தோன்றிச் சில நொடிகள் நின்று மறைந்தது. அவருக்கு அம்மொழி தெரியாது.

அதன்பின் சாலை மாறியது. தாரிட்ட பகுதி முடிந்து, காங்கிரீட் பலகைகளை அடுத்தடுத்துப் பதித்த பகுதி தொடங்கியது. பலகைக்குப் பலகை ஒரு பொருத்துவாய். சக்கரம் அதைக் கடக்கும்தோறும் ஒரு சிறு தட்டு. பெருங்குழியை விழுங்கவல்ல காற்றுப்பைகள், ஒரே சீராக வந்த இந்தச் சிறு தட்டுகளை விழுங்கவில்லை. நொடிக்கு ஐந்தாக அவை உள்ளே ஏறின.

மின்கம்பக் கணக்கு நின்றது. ஒன்பது முப்பத்தைந்து.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா."

"இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான்."

"குத்துது. முதுகுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"ரோடு மாறிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

ரோடு மாறவில்லை. "நிறுத்துங்க" என்றாள் அவள்.

அவர் கால் தளர்ந்தது. முள் எண்பத்தைந்துக்கு இறங்கியது. இறங்கிய முள்ளை அவர் கண் பார்த்தது. பாதி எரிந்து நின்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. பதின்மூன்று நாள் பட்ட பாடும் பாழ். இவளுக்காகத்தானே என்று எண்ணினார். எண்ணிக்கொண்டே காலை அழுத்தினார். முள் தொண்ணூறுக்கு ஏறியது.

"நிறுத்துங்க. உங்களத்தான். காது கேக்கலையா? நிறுத்துங்க!"

அவர் பதிகத்தின் குரலைச் சற்றே உயர்த்தினார்.

அவளுடைய நலத்துக்காகவே அதை ஓதுவதாக அவர் எண்ணிக்கொண்டார். அவள் அழைத்தபோதெல்லாம் ஓதலும் உயர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஊர் முழுவதையும் கேட்கவைத்த குரலை, தாம் அன்றாடம் வணங்கும் சொற்களைக் கொண்டே அவர் மூடினார். சிறிது நேரத்தில் அவள் சொற்களை விட்டுவிட்டாள். பின்பு முனகலையும் விட்டாள். ஒன்பது ஐம்பதுக்கு, ஒரு நொடி முன்னும் பின்னும் இன்றி, அவர் வட்டச்சாலையை விட்டிறங்கி ஓரமாக நிறுத்தினார்.

பின்கதவைத் திறந்தார். அவள் விழித்திருந்தாள். கண்ணோரத்திலிருந்து காதுவரை இருபுறமும் ஈரம். பட்டைகளைப் பற்றியிருந்த விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"முடிஞ்சிடுச்சும்மா. இனிமே வண்டி நிக்காது."

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு முழுவதும் அவள் கேட்டதற்கு மட்டும் விடை சொன்னாள். கஞ்சி வேண்டுமா, வேண்டாம். திரும்பிப் படுக்கிறாயா, சரி. தம்பி வந்து, "என்னக்கா, ஊர்வலம் எப்படி இருந்துச்சு?" என்றபோது, "வண்டி நல்லா ஓடுச்சுடா" என்றாள். அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

திங்கள் காலை, அவளை ஏற்றுவதற்கு முன், அவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். சனிக்கிழமை வீடு சேர்ந்தபின் அதை எடுக்கவில்லை. மெக்கானிக் மீண்டும் கம்பியை மாட்டினான். முகம் மலர்ந்தது.

"சுத்தமா எரிஞ்சிருக்குண்ணே! புதுசு மாதிரி. எரிச்சு முடிச்சதுக்கப்புறம் முப்பத்துமூணு கிலோமீட்டர் ஓடியிருக்கீங்க."

அவர் மனத்துக்குள் கழித்துப் பார்த்தார். வீட்டிலிருந்து பட்டறை இரண்டு. வட்டச்சாலையிலிருந்து வீடு நான்கு. மீதம் இருபத்தேழு. தொண்ணூறில் இருபத்தேழு என்றால் பதினெட்டு நிமிடம்.

"அப்ப, இருபத்திரண்டாவது நிமிஷத்துலயே…"

"ஆமா, முடிஞ்சிருக்கும். பச்சையா ஒரு வரி வந்திருக்குமே."

"நீ நாப்பதுன்னு சொன்னியே."

"அண்ணே, அது ஒரு கைக்கணக்கு. நீங்க விடாப்பிடியாக் கேட்டீங்க, பெருசாச் சொல்லி வெச்சேன்."

"நடுவுல நிறுத்தக்கூடாதுன்னியே."

"நிறுத்தாம இருந்தா நல்லது. அவசரம்னா நிறுத்த வேண்டியதுதான். மறுநாள் மறுபடி ஓட்டினாப் போச்சு. இதுக்கு ஏண்ணே இப்படி வேர்க்குது உங்களுக்கு? வண்டிதான் பிழைச்சிருச்சே!"

வாழ்நாளெல்லாம் பிறர் தராசுகளின் பொய்யைக் கண்டு சிவப்புச் சீட்டு ஒட்டியவர், காதால் கேட்ட ஒரு கைக்கணக்கைப் படிக்கல்லாக எண்ணி மனைவியை அதன்மேல் வைத்திருந்தார். வீடு திரும்பும் வழியில் பதிகம் தானாக நாவில் எழுந்தது. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. அடுத்த சொல் எது என்று அவருக்குத் தெரியும், வாய்தான் எடுக்கவில்லை.

அவளை ஏற்றினார்கள். அவள் மறுக்கவில்லை, அதுவே அவருக்கு அச்சமாக இருந்தது. தம்பி கதவைச் சாத்தினான். வண்டி தெருமுனையில் முதற்குழியில் இறங்கி எழுந்தது. அவர் காத்திருந்தார். பின்னிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் குழி. இரும்புமூடி ஒன்று. "வலிக்குதா?" என்றார். விடை இல்லை. "மெதுவாப் போகட்டுமா?" விடை இல்லை. கண்கட்டி நடப்பவர்போல அவர் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கடைத்தெருவின் நடுவிலேயே நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் தூக்கினார்.

அவள் முகம் வெளுத்திருந்தது. கீழுதட்டில் பல் பதிந்து இரத்தம் கசிந்தது.

"வலிக்குதுன்னு ஏன் சொல்லலை? நிறுத்தச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லிப் பாத்தேனே, சனிக்கிழமை."

பின்னால் ஒரு வண்டி ஒலியெழுப்பியது. அவர் அவள் காலருகே குனிந்து நின்றார். மறைத்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்தது. மறைத்தால் அவளுக்கேனும் ஒரு பொருள் மிஞ்சும்: பட்ட துன்பம் எதற்கோ உதவியது என்ற பொருள். ஆனால் பொய்யெடை காட்டி அவருக்குப் பழக்கமில்லை.

"வண்டி இருபத்திரண்டு நிமிஷத்துலயே சரியாயிருச்சாம். மெக்கானிக் சொன்னான். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அவள் கண்கள் முதன்முறையாகக் கூரையிலிருந்து இறங்கி அவர்மேல் நின்றன. கணக்குப் போடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. வண்டிகள் எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்குப் போயின என்று இருபத்திரண்டு ஆண்டுகள் சொன்னவள் அவள்.

"நான் நிறுத்தச் சொன்னது அதுக்கப்புறந்தானே?"

"ஆமா."

"அப்ப அந்தப் பதினஞ்சு நிமிஷம் யாருக்குங்க?"

பின்னால் இப்போது மூன்று நான்கு வண்டிகள் ஒருசேரக் கத்தின. "யோவ், ரோடு என்ன உங்க வீட்டு முற்றமா?" என்று ஒருவன் கண்ணாடியை இறக்கிக் கேட்டான்.

"போங்க," என்றாள் அவள், பார்வையை மீண்டும் மேலே திருப்பி. "ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க. போய் ஓட்டுங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டு முன்னே வந்து அமர்ந்தார். விளக்கு ஏதும் எரியவில்லை. எஞ்சின் பழுதின்றி இழைந்தது. எவ்வளவு மெதுவாகப் போனால் அவளுக்குத் தாங்கும் என்று அறிய அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. முன்னே தார் பெயர்ந்த ஓர் இடம் தெரிந்தது. அதைச் சுற்றிப் போகவும் வழியில்லை. சக்கரம் அதில் இறங்கியபோது அவர் தம் பற்களைக் கடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்திப் பின்பக்கம் உற்றுக் கேட்டார்.